நஞ்சும் அளவும்

சூலக்கரைக் கரிசற்காட்டில் எம் தந்தையார்க்கு மூன்று குறுக்கம் பருத்தி உண்டு. யான் பள்ளியிறுதி வகுப்பிற் பயின்ற ஆண்டு, கார்த்திகைத் திங்களில், அயற்புஞ்சைக்காரர் தம் மக்காச்சோளத்திற்குக் களைக்கொல்லி தெளித்தார். காற்று எம் பக்கம் வீசியது. சின்னாட்களில் எம் பருத்தியின் அகன்ற இலைகள் விரல்விரலாகக் குறுகிச் சுருண்டன; பூவும் பிஞ்சும் உதிர்ந்தன. அவ்வாண்டு எமக்கு விளைவில்லை. அம்மருந்தின் பெயர் 2,4-டி. அதனை யான் மறந்திலேன்.

நிற்க. இக்கல்லூரியிற் தாவரவியல் பயிலப் புகுந்தபின், திசு வளர்ப்புப் பயிற்சியின்போது, ஆசிரியர் எம்முன் வைத்த குப்பியொன்றில் அதே பெயரைக் கண்டு திடுக்குற்றேன். "ஐயா, இது பயிரைக் கொல்வதாயிற்றே!" என்றேன். "எவ்வளவு என்று கேட்டபின் அதைச் சொல்லும்" என்றார் அவர்.

பயிரினுள் இயல்பாக ஊறும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப்பொருளைப் போலத் தொழில் செய்வது 2,4-டி. வயலில் லிட்டர் நீருக்கு ஒரு கிராம் அளவிற் தெளித்தால், அகன்ற இலைச் செடிகள் ஒழுங்கின்றி வளர்ந்து, முறுகி, மடியும். புல்லினமாகிய மக்காச்சோளம் தாங்கிக்கொள்ளும். அதனையே ஆயிரத்திலொரு பங்காக்கி ஊட்டக்கூழிற் கலந்தால், கிழங்கின் சிறு துண்டில் உயிரணுக்கள் பெருகத் தொடங்கும். உருளைக்கிழங்குத் திசுவை வளர்ப்பதில் 2,4-டியும் நம் நாட்டார் பருகும் இளநீரும் ஒன்றற்கொன்று துணைநிற்பதை ஸ்டூவர்டு, கேப்ளின் என்னும் அறிஞர் 1951-இல் வெளியிட்டனர். சேலத்துச் சவ்வரிசிக்கு மூலமாகிய மரவள்ளியிலும், வித்திலைத் துண்டுகளை 2,4-டி கலந்த கூழில் வைத்துக் கருவுருக்களைத் தோற்றுவிக்கலாமென ஸ்டாம்ப், ஹென்ஷா என்போர் 1982-இல் காட்டினர்.

யான் காரட்டுக் கிழங்கை எடுத்துக்கொண்டேன். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வீதம் மருந்திட்ட குப்பியில், சில வாரங்களில் வெளிறிய கட்டியொன்று திரண்டது. மகிழ்ந்து, செடி வருமென அக்கூழிலேயே வைத்துக் காத்திருந்தேன். கட்டி பருத்ததேயன்றித் தளிர் தோன்றவில்லை. "மருந்தை நிறுத்தும்" என்றார் ஆசிரியர். மருந்தில்லாக் கூழிற்கு மாற்றினேன். அதன்பின்னரே பச்சைப் புள்ளிகள் தோன்றின. வேரும் இலையும் விட்டன. பெருகத் தூண்டுவது ஒன்று. உருப்பெற விடுவது வேறொன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

விடுமுறையில் ஊர் சென்று இவற்றையெல்லாம் தந்தையாரிடம் பெருமிதத்தோடு கூறினேன். அவர் நெடுநேரம் வாளாவிருந்து, "அன்று காற்றில் வந்ததும் சிறிதுதானே, தம்பி?" என்றார்.

யான் விடையின்றி நின்றேன். அவர் கேட்டது மெய்யே. பருத்தி அம்மருந்தின் சிறு சாரலையும் பொறாத பயிர். ஆகலின் சிறிதளவு என்பதொன்றே நஞ்சை நன்மையாக்கிவிடாது. குப்பியில் மருந்தை அளந்து இட்டவன் யான். வேண்டாதபோது விலக்கியவனும் யான். எம் புஞ்சையிலோ அளந்தாரும் இல்லை, விலக்க வல்லாரும் இல்லை. இதனை மெல்ல எடுத்துரைத்தேன்.

"அப்படியானால் அதை என்னிடம் சொல்லிப் பயனென்ன? தெளிக்கிறவரிடம் சொல்" என்றார் தந்தையார்.

மறுநாட் காலை அயற்புஞ்சைக்குச் சென்றேன். அப்பெரியவர் யான் கூறியதைச் சினவாது கேட்டார். பருத்தி நிற்கும் பக்கம் காற்று வீசும் நாளில் தெளிப்பதில்லையென ஒப்புக்கொண்டார். யான் கற்ற கல்வி எம் ஊர்க்கு முதன்முதற் பயன்பட்டது அன்றுதான்.