வாங்கப்படாத சான்றிதழ்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் தொடக்கப் பள்ளிக்கென்று ஒரு தனி வாசனை வந்துவிடும். வேப்பம்பூவும் சுண்ணக்கட்டித் தூளும் கலந்த வாசனை அது. ஆண்டுத் தேர்வு நெருங்கும். குழந்தைகளின் கண்கள் சன்னலுக்கு வெளியே போய்விடும். தலைமையாசிரியையின் மேசைமீது, ஒவ்வோர் ஆண்டும் எழுதியே தீரவேண்டிய ஒரு தாள் காத்திருக்கும். 'பெற்றோர் கவனத்திற்கு' என்னும் தலைப்பிட்ட ஆண்டிறுதிச் சுற்றறிக்கை அது. திருச்சிராப்பள்ளியில், காவிரிக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில், அந்தத் தாளைப் பல ஆண்டுகள் எழுதியவள் நான்.

அதில் என்ன இருக்கும்? தேர்வு நாள்கள் இருக்கும். இறுதி வேலை நாள் எது, ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் நாள் எது என்பவை இருக்கும். பாடநூல்களைக் கிழிக்காமல் திருப்பித் தந்தால் அடுத்த ஆண்டு வரும் ஏழைக் குழந்தைக்கு உதவும் என்ற வேண்டுகோள் இருக்கும். புதுநன்மை வகுப்பு மே மாதத்தில் பங்குக் கோவிலில் நடைபெறும் என்ற செய்தி இருக்கும். ஐந்தாம் வகுப்பை முடித்தோர் குறிப்பிட்ட நாளில் மாற்றுச் சான்றிதழைத் தவறாது பெற்றுக்கொள்ளவேண்டும் என்ற அறிவிப்பு இருக்கும். இறுதியாக, விடுமுறையில் பிள்ளைகளைத் தனியே ஆற்றுக்கு அனுப்பாதீர்கள் என்ற வரி இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்னர் நம் காவிரி பெரும்பாலும் மணல்வெளிதான். ஆனால் அந்த மணலில் அள்ளிய இடமெல்லாம் பள்ளம். பள்ளத்தில் தேங்கிய நீர். மேலே பார்த்தால் முழங்கால் அளவு போலத் தோன்றும். இறங்கினால் ஆளை விழுங்கிவிடும். திருச்சியில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மெழுகுத் தாளில் எழுதி, உருளை அச்சில் ஓட்டி, பள்ளி முத்திரை குத்தி, குழந்தைகளின் கையில் கொடுத்தனுப்புவோம். பிழையற்ற தமிழில் எழுதுகிறேன் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையே ஒரு நாள் என்னைத் தலைகுனிய வைத்தது.

அது 1994-ஆம் ஆண்டு. ஜூலை மாதத்தில் ஒரு நாள், வேறு ஏதோ பதிவேட்டைத் தேடி அலமாரியைத் திறந்தேன். ஏப்ரல் இறுதியிலேயே நான் கையொப்பமிட்ட மாற்றுச் சான்றிதழ்கள் மூன்று, கட்டு அவிழ்க்கப்படாமல் கிடந்தன. இரண்டு சிறுமியருடையவை; ஒன்று ஒரு சிறுவனுடையது. பள்ளிகள் திறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வேறெந்தப் பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் இடம் பெறுவது அந்நாளில் அரிது. அப்படியானால் அந்த மூன்று பிள்ளைகளும் எங்கே?

ஒரு சிறுமி எங்கள் பள்ளிக்கு அடுத்த தெருவிலேயே இருந்தாள். அம்மை கண்டு படுத்து எழுந்திருந்தாள். அவளை அந்த வாரமே உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. மற்றவளின் தந்தை செயற்கை வைரக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலாளி. திருச்சியில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்த தொழில் அது. அவருக்குச் சில மாதங்களாகச் சரியாக வேலை கிடைக்கவில்லை என்றும், மாமியார் வீட்டோடு சீரங்கத்துக்குக் குடிபோய்விட்டார் என்றும் அண்டை வீட்டார் சொன்னார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, பள்ளி விட்டதும் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றாம் எண் பேருந்தில் ஏறினேன். காவிரிப் பாலத்தைக் கடக்கும்போதே, 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட இராசகோபுரம் தென்னந்தோப்புகளுக்கு மேலே தெரிந்தது. 236 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் நிழலில் ஒரு பத்து வயதுப் பெண்ணைத் தேட வேண்டியிருந்தது. வீதிகளைச் சுற்றி, வடக்கு வாசலுக்கு அப்பால், கொள்ளிடத்தை நோக்கிப் போகும் பாதையில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

வாசல் திண்ணையில் அவள் பாட்டியோடு அமர்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் தம்பிப் பாப்பா உறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றாள். குழந்தை விழித்துவிடுமே என்று அப்படியே அமர்ந்தாள்.

"ஏனம்மா பள்ளிக்கூடம் போகவில்லை?" என்றேன்.

பாட்டிதான் பதில் சொன்னார். "சேக்கப் போனோமுங்க டீச்சரம்மா. டி.சி. வேணும்னாங்க. குடுத்தோம். இது இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சான்றிதழ் என் பையில் இருக்கிறது. இவர்கள் எதைக் கொடுத்தார்கள்? பாட்டி உள்ளே போனார். சுவரில் மாட்டியிருந்த அரங்கநாதர் படத்தின் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்து, அதிலிருந்த தாளை இரு கைகளாலும் நீட்டினார். "இதோ இருக்குதுங்களே, நீங்க முத்திரை போட்டுக் குடுத்த டி.சி."

அது என் சுற்றறிக்கை.

மூன்று மாதங்களாக ஒரு மடிப்புக் கலையாமல், தெய்வப் படத்தின் பின்னே அதைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். நான் எழுதிய எந்தத் தாளுக்கும் அத்தகைய மரியாதை அதற்கு முன்பும் கிடைத்ததில்லை; பின்பும் கிடைத்ததில்லை.

"நீ படித்துப் பார்க்கவில்லையா?" என்று சிறுமியிடம் கேட்டேன். தாளை அவள் கையில் கொடுத்து, அந்த வரியை வாசிக்கச் சொன்னேன். அவள் திக்காமல், ஒற்று விடாமல் அழகாக வாசித்தாள். "மாற்றுச் சான்றிதழைத் தவறாது பெற்றுக்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது." வாசித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாற்றுச் சான்றிதழ்னா என்ன டீச்சர்?"

ஐந்து ஆண்டுகள் அவளுக்கு எழுத்துக் கற்பித்த பள்ளி எங்களுடையது. அவள் எழுத்தை வாசித்தாள். என் தாள்தான் அவளோடு பேசவில்லை. ஊரெல்லாம் 'டி.சி.' என்று சொல்கிறது. நான் அலுவலக ஏட்டில் உள்ள சொல்லை எழுதினேன். அடைப்புக்குள்கூட அந்த இரண்டு எழுத்துகளைப் போடவில்லை. யார் கேட்டுக்கொள்கிறார், யாரைக் கேட்டுக்கொள்கிறார் என்பதுகூட அந்த வாக்கியத்தில் இல்லை. மறுமுறை அக்கரைக்கு வந்து விசாரிக்கலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதற்கு ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பது அந்த வீட்டுக் கணக்கு.

விடைபெறும்போது பாட்டி சொன்னார்: "ஆத்துக்குத் தனியா அனுப்பாதீங்கன்னு எழுதியிருந்தீங்களாம், பாப்பா படிச்சுச் சொன்னுச்சு. ஒரு நாளும் அனுப்பலீங்க." அந்த ஒரு வரியை மட்டும் நான் தலைமையாசிரியையாக எழுதவில்லை, பிள்ளை பெற்றவளாக எழுதியிருந்தேன். அது போய்ச் சேர்ந்திருந்தது.

திரும்பும் பேருந்தில் வழக்கம்போல் செபமாலையைக் கையில் எடுத்தேன். திங்கட்கிழமைக்குரிய மகிழ்ச்சி நிறை மறையுண்மைகள். ஐந்தாவதற்கு வந்தபோது செபம் தொண்டையில் நின்றது. காணாமற்போன சிறுவன் இயேசுவைக் கோவிலில் கண்டடைந்ததை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்போம்! லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் அந்த நிகழ்ச்சியை நிதானமாக வாசித்துப் பாருங்கள். திருவிழா முடிந்து எல்லாரும் ஊர் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கூட்டத்தில் எங்கேயோ வருகிறான் என்று எண்ணிக்கொண்டு மரியாவும் யோசேப்பும் ஒரு நாள் பயணம் போய்விடுகிறார்கள். அன்பில்லாத பெற்றோரா அவர்கள்? இல்லை. 'கூட்டத்தில் இருப்பான்' என்ற எண்ணம் அத்தனை இயல்பானது. ஆனால் பிள்ளை இல்லையென்று தெரிந்ததும் அவர்கள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தார்கள். மூன்றாம் நாள்தான் அவனைக் கண்டார்கள்.

ஆண்டிறுதியும் ஒரு திருவிழா முடிவதைப் போன்றதே. எல்லாக் குழந்தைகளும் ஒரே வாசல் வழியே ஆரவாரத்தோடு வெளியேறுகிறார்கள். அடுத்த பள்ளிக்குப் போயிருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நான் ஒரு நாளல்ல, ஏறத்தாழ மூன்று மாதப் பயணம் போய்விட்டிருந்தேன்.

அந்தச் சிறுமி அந்த மாத இறுதிக்குள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். பத்தாம் வகுப்பு வரை படித்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். மூன்றாவது சான்றிதழுக்குரிய சிறுவனை நான் காணவே இல்லை. குடும்பம் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டது என்பதற்குமேல் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் ஓய்வுபெற்ற நாளில் அலமாரிச் சாவியோடு அந்தச் சான்றிதழையும் ஒப்படைத்தேன். காகிதம் பழுத்திருந்தது, என் கையொப்பம் மட்டும் கறுப்பாக இருந்தது.

மறு ஆண்டிலிருந்து சுற்றறிக்கையை மாற்றினேன். 'டி.சி.' என்றே எழுதினேன். இறுதி வாரத்தில் பெற்றோரை அழைத்து, தாளை ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினோம். அப்போதுதான் வேறொன்றும் தெரியவந்தது. 'இறுதி வேலை நாள்' என்று நான் எழுதியதை, 'சத்துணவு நிற்கும் நாள்' என்று தாய்மார்கள் படித்திருக்கிறார்கள். 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். அந்தச் சோற்றை நம்பிய வீட்டில் கோடை விடுமுறை என்பது பிள்ளைக்கு ஒரு வேளை உணவை எங்கே தேடுவது என்ற கவலை. அந்தக் கவலையில்தான் பத்து வயதுப் பிள்ளை வேலைக்குப் போகிறது. ஜூன் மாதத்தில் திரும்பி வருவதில்லை. இதை அறிந்தபின், ஜூன் இரண்டாம் வாரம் நாங்கள் ஒரு பட்டியலோடு புறப்படுவோம். ஐந்தாம் வகுப்பை முடித்த ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பள்ளியில் சேர்ந்திருக்கிறது என்று வீடுவீடாகக் கேட்போம். பங்கின் அன்பியத்துப் பெண்கள் தம் தெருக்களைப் பார்த்துக்கொண்டார்கள்; கிறிஸ்தவக் குடும்பமா இல்லையா என்று ஒருவரும் கேட்டதில்லை.

காலம் மாறிவிட்டது. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, மாற்றுச் சான்றிதழைத் தலைமையாசிரியர் உடனே தரவேண்டும். அது வரத் தாமதமாயிற்று என்பதற்காக மற்றப் பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக அச்சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் தெளிவாக்கியது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகரங்களிலுள்ள அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அன்று இவை இருந்திருந்தால் அந்தச் சிறுமி திண்ணையில் அமர்ந்திருக்க மாட்டாள். இறைவனுக்கு நன்றி.

ஆயினும் சட்டம் இருப்பது அந்தப் பாட்டிக்குத் தெரிந்தால்தானே? கொரோனாவினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் முதல் நாள்தான் நம் மாநிலத்தில் மீண்டும் திறந்தன. இரண்டு ஏப்ரல் மாதங்கள் ஆண்டிறுதியே இல்லாமல் கடந்தன. இப்போது சுற்றறிக்கை கைப்பேசியில் வருகிறது. அண்டை வீட்டில் வேலை செய்யும் பெண் சென்ற ஏப்ரலில் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்கம்மா" என்றாள். பார்த்தேன். அழகான எழுத்துரு, வண்ணப் பின்னணி, பள்ளியின் சின்னம். உள்ளே அதே வாக்கியம்: 'கேட்டுக்கொள்ளப்படுகிறது.' நான் அவளை அமரவைத்து, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன்.

அன்பு வாசகரே, உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் ஆண்டிறுதியை நீங்கள் கவனித்துக்கொள்வீர்கள். எனக்கு ஐயமில்லை. உங்கள் வீட்டு வாசலைக் கூட்டுகிறவரின் பிள்ளையை, உங்களை ஆட்டோவில் ஏற்றிச் செல்பவரின் பிள்ளையை இந்த ஏப்ரலில் ஒருமுறை கேளுங்கள். "டி.சி. வாங்கியாச்சா? ஜூன்லே எந்தப் பள்ளிக்கூடம்?" இரண்டே கேள்விகள். பதில் தயங்கி வருமானால், ஒரு நாள் அவர்களோடு பள்ளி வரைக்கும் நடந்து போய் வாருங்கள்.

இன்றும் செபமாலையில் அந்த ஐந்தாம் மறையுண்மைக்கு வரும்போது, நான் கண்டடையாத அந்தச் சிறுவனின் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். இப்போது அவனுக்கு நாற்பது வயது கடந்திருக்கும்.