கான்

ஹற்றனுக்குக் கிட்டிய தோட்டமொன்றின் அடிவாரத்தில் எங்கள் வாப்பாவின் சில்லறைக் கடை இருந்தது. அதன் பின்புறமாக மலையிலிருந்து ஒரு பெரிய கான் இறங்கும். மழைக்கு முன்னர் கான் வெட்டும் கிழவர் ஒருவர் வருவார். தேயிலை நிரைகளுக்கிடையே மட்டம் பார்த்து வெட்டிய சிறு கான்களில் மண்ணை வாரிப் போடுவார். அவற்றின் உள்ளே இடைக்கிடை சிறு வரம்புகள் இருக்கும். தண்ணீர் அங்கே தேங்கி, மண்ணை விட்டுவிட்டு, மெல்ல வழிந்து பெரிய கானுக்கு வரும்.

சாமான் அறை கட்டுவதற்காக வாப்பா அந்தக் கானுக்கு மேல் கொங்கிறீட் போட்டார். கீழே ஒன்பது அங்குலக் குழாய். கிழவர் குனிந்து பார்த்தார்.

"நானா, கான் என் இடுப்பகலம். உங்க குழாய் என் தொடையகலம்."

வாப்பா சிரித்துவிட்டு அவருக்குச் சுருட்டு கொடுத்தார்.

பின்னாளில் நான் தொழில்நுட்பம் படித்தபோது ஓடுநீர்க் கணக்கு வந்தது. பரப்பு, மழையின் வேகம், மண் குடிக்காமல் விடும் பங்கு, இவை மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு ஹெக்டயரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் 10,000 லீற்றர். எங்கள் கானுக்கு மேலே 3 ஹெக்டயர் அளவு இருக்கும். மணிக்கு 50 மில்லிமீற்றர் பெய்து, பாதி ஓடினால், செக்கனுக்கு ஏறத்தாழ 208 லீற்றர். குழாயில் அடைப்பே இல்லாவிட்டாலும் அதில் பாதிதான் போகும் என்று வந்தது. அந்தப் பங்கைத்தான் நாம் ஊகிக்கிறோம். தேயிலை அடர்ந்து நின்றால் குறையும். மண் வெளித்தால், கூரையும் தார்வீதியும் வந்தால் கூடும்.

மீதித் தண்ணீர் எங்கே போனது? கீழே இருந்த லயத்தின் கடைசிக் காம்பராவின் பின்சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். அவர்கள் சுத்தமில்லாதவர்கள் என்றே எங்கள் வீட்டில் பேசுவோம்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அன்று மஃரிபுக்குப் பின் கணக்கை வாப்பாவிடம் காட்டினேன்.

"அறைய உடைக்கச் சொல்றியா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவர் மௌத்தான பின் நானும் உடைக்கவில்லை. சாமான் வைக்க வேறு இடமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தையே புரட்டிப் போட்டது. அந்த இரவு காம்பராக்காரர்கள் பிள்ளைகளோடு எங்கள் கடைத் திண்ணைக்கு ஏறி வந்தார்கள். யாரும் எங்களைக் குறை சொல்லவில்லை.

டிசம்பரில் அறையை உடைத்தேன். குழாயின் முக்கால்வாசி மண். கானை இடுப்பகலத்துக்கே திரும்ப வெட்டினோம்.

"இனி சுவர் காயுமா நானா?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள்.

மே மாத மழை வந்தால்தான் தெரியும் என்றேன்.