அம்மாவின் சீமை அத்தி

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் இருக்கிறது பூவரசங்குளம். அக்கா மணமுடித்துச் சென்ற ஊர். இப்போது அம்மாவும் அங்கேதான். பெயரிலேயே பூவரசைச் சுமக்கும் ஊரில் பூவரசு வளர்ப்பதற்கு எவரும் பாடம் கேட்க வேண்டியதில்லை. கையளவு பருமனில் ஒரு கிளையைத் தறித்து, அலவாங்கால் குழி போட்டு, மாரி மழைக்கு முன் ஊன்றிவிட்டால் அது கதியால். சில வாரங்களில் துளிர்க்கும். சில ஆண்டுகளில் வேலி மரமாகும். எனக்குத் தெரிந்த தோட்டக்கலை முழுவதும் இவ்வளவுதான். அந்த அறிவோடுதான் சீமை அத்தியிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு மயிலிட்டியில் இருந்தது. 1990 ஜூனில் வெளியேறியபோது கிணற்றடியில் ஒரு சீமை அத்தி காய்த்துக்கொண்டிருந்தது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அண்டிய காணிகளில் ஒரு பகுதியும் விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் நானும் போய்ப் பார்த்தேன். வீடு இல்லை. கிணறு தூர்ந்திருந்தது. அத்தி மரமும் இல்லை. ஆனால் அதன் அடிக்கட்டையிலிருந்து ஐந்தாறு தண்டுகள் என் தோளுயரத்துக்குக் கிளம்பியிருந்தன. அலைபேசியில் எடுத்த படத்தை அம்மா நெடுநேரம் பார்த்தார். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, அதிலை ஒரு கிளை கொண்டு வா" என்றார்.

கிளையை விட்டால் வேறு வழியும் இல்லை. நம் காட்டோரங்களில் நிற்கும் நாட்டு அத்தியைப் பறவைகள் விதை தூவிப் பரப்பும். அதன் காய்க்குள் பூக்கும் பூக்களை மகரந்தம் சேர்ப்பிக்க அதற்கென்றே ஒரு சிறு குளவி இருக்கிறது. வீட்டுத் தோட்டங்களில் வளரும் சீமை அத்தி வகைகளோ குளவி வராமலே பழுப்பவை. அப்படிப் பழுத்த பழத்தின் விதை முளைக்காது. ஆகவே கிளை வேர் விடாவிட்டால் அந்த மரம் அந்தக் கட்டையோடு முடிந்தது. அந்தக் காணியோ மாமாவின் பெயரில் இருந்தது. வெளிநாட்டிலுள்ள அவருடைய பிள்ளைகள் அடுத்த வைகாசியில் அதனைத் துப்புரவாக்கி வீடு கட்டத் தீர்மானித்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கட்டையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

முதல் முறை கதியால் போலவே ஊன்றினேன். ஆடி மாதம், சோளகம் வீசிக்கொண்டிருந்தது. பத்து நாளில் ஐந்து கிளைகளும் விறகாயின.

ஐப்பசியில் மீண்டும் போய் வெட்டி வந்தேன். இம்முறை சாடிகளில் வைத்து, மழை படாமல் திண்ணையில் ஒதுக்கினேன். மழை படாவிட்டால் என்ன, அம்மா காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். அத்திக் கிளைக்குத் தாகத்தைவிட ஈரமே பெரிய எதிரி என்பதை அழுகிக் கறுத்த அடிப்பாகங்களைப் பார்த்துத்தான் அறிந்தோம்.

மூன்றாவது முறை படித்துவிட்டுச் செய்தேன். பச்சைத் தண்டு ஆகாது. பழுத்துச் சாம்பல் நிறம் கொண்ட, பென்சில் பருமனான தண்டு வேண்டும். நீளம் 15 முதல் 20 சென்ரிமீற்றர். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, வடியும் பாலைக் கழுவி, வெட்டு உலர்ந்த பின், பிழிந்தால் சொட்டாத ஈரமுள்ள தென்னந்தும்புத் தூளில் முக்கால்வாசி புதைக்க வேண்டும். (குளிர் நாடுகளில் மரம் இலையுதிர்த்து உறங்கும் காலத்தில் வெட்டுகிறார்கள், கிளையில் உணவு சேர்ந்திருக்கும். நம் மரங்களுக்கு அந்த உறக்கம் வாய்ப்பதில்லை. ரொறன்ரோவில் இத்தாலியர்கள் பனிக்காலத்துக்கு அத்தி மரத்தையே வளைத்து மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுப்பதை அங்குள்ள நம்மவர்கள் கண்டிருப்பார்கள்.)

மாசியில் துளிர்த்தது. மூன்று கிளைகளில் இலை. அன்றிரவே ரொறன்ரோவிலிருந்த மாமாவுக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். இரண்டு வாரத்தில் இலைகள் துவண்டன. இழுத்துப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை. கிளை தன் சேமிப்பைச் செலவழித்து இலை விட்டிருக்கிறது. அது தீர்ந்ததும் வாடிவிட்டது. முப்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன், உறுதிப்படுத்தாத செய்தியை முதற்பக்கத்தில் போட்டது போல் வெட்கப்பட்டேன். மாமாவுக்கு மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

அரச மரமும் அத்திக் குடும்பமே. புத்தகயாவின் போதி மரத்துக் கிளை பொற்கலத்தில் தானாகவே வேர்விட்டதாக மகாவம்சம் சொல்கிறது. சங்கமித்தை அதனோடு வந்திறங்கிய ஜம்புகோளப் பட்டினம் மாதகலுக்கு அருகே, எங்கள் ஊர் இருக்கும் அதே வடகரையில்தான். அரச மரத்துக்கு நம் பகுதியில் இன்று ஏறியிருக்கும் பொருளைப் பற்றி வேறொரு நாள் எழுதலாம். எனக்கு அந்தப் பொற்கலம் மட்டும் கிடைத்திருந்தால் போதும் என்றிருந்தது.

பங்குனியில் கடைசி முயற்சி. கிளையை வெட்டாமலே வேர்விடச் செய்யும் பதிவைத்தல். கட்டையில் நின்ற நான்கு தண்டுகளில் விரற்கிடை அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுத்தேன். வழுவழுப்பான படலத்தையும் சுரண்டினேன். அதை விட்டுவைத்தால் பட்டை மீண்டும் கூடிவிடும். ஈரத் தும்புத் தூளை அப்பி, பொலித்தீன் சுற்றி, இரு முனையையும் இறுகக் கட்டினேன். தாய்மரம் மேலே தண்ணீர் அனுப்பிக்கொண்டே இருக்கும். இலைகள் செய்யும் உணவு கீழிறங்க வழியின்றி அந்த வளையத்தின் மேல் தேங்கும். வேர் பிறப்பது அங்கேதான்.

ஆறு வாரம். ஒவ்வொரு கிழமையும் மயிலிட்டி நண்பர் ஒருவரிடம் "கட்டை இருக்கிறதா?" என்று கேட்பேன். சித்திரைக் கடைசியில் போனபோது காணியின் மறுகோடியில் பற்றைகளை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். பொலித்தீனுக்குள் வெள்ளை நூல்கள் தெரிந்தன. ஒன்று காய்ந்திருந்தது, மூன்றை வெட்டி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஏ-9 வீதியில் பஸ்ஸில் வந்தேன்.

அம்மா பொலித்தீனைத் தானே பிரித்தார். வேரைத் தொடவில்லை, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கிணற்றடியில், கழுவுநீர் தேங்காத மேட்டைக் காட்டினார். மூன்றில் இரண்டு நின்றன.

இப்போது காய்க்கிறது. பாதி அணிலுக்கு. மிச்சத்தை உண்டுவிட்டு, மயிலிட்டிப் பழம் இதைவிட இனிப்பு என்கிறார் அம்மா. சென்ற தடவை நான் போயிருந்தபோது அடுத்த வளவுப் பெண் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "அண்ணை, மாரி தொடங்கேக்கை உதிலை ஒரு கதியால் முறிச்சுத் தாங்கோவன், வேலியோடை ஊண்டிவிடுறன்."

அம்மா சிரிக்கத் தொடங்கி, இருமல் வந்து, குந்தில் உட்கார்ந்துவிட்டார்.