ஆச்சி டிவியும் மாடிக் கம்ப்யூட்டரும்

செமஸ்டர் முடிஞ்சு ஒருவழியா உயிரோட இருக்கேன். காஸ்ட் அக்கவுண்டிங் எப்படி எழுதினேன்னு மட்டும் யாரும் கேக்கப்படாது. அந்தச் சோகம் கீழே தானாகவே வரும்.

இன்னைக்கு மேட்டர், மாடியில இருக்கிற கம்ப்யூட்டர்ல உள்ள படத்தை வயர் இல்லாம கீழே இருக்கிற டிவியில ஓட வைக்கிறது எப்படி. "இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா, பென்டிரைவ்ல போட்டு சொருகினா முடிஞ்சது" என்று சொல்லப் போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்கள். எங்க வீட்டு டிவியை மாட்டிய புண்ணியவான் யுஎஸ்பி ஓட்டை சுவரைப் பார்த்து இருக்கிற மாதிரி மாட்டிவிட்டுப் போய்விட்டார். சொருகணும்னா டிவியைக் கழட்டணும். அதோட கதை பென்டிரைவ் பற்றியதும் இல்லை. ஆச்சியைப் பற்றியது.

ஆச்சிக்கு மூட்டு வலி. மாடி ஏறி ரெண்டு வருசம் ஆச்சு. அவங்க ரூமில் ஒரு 32 இஞ்ச் டிவி, எப்பவோ வாங்கினது. பீரோவில் அப்பா அம்மா கல்யாண விசிடி மூணு, 2001-ல் எடுத்தது. விசிடி பிளேயர் 2015 வாக்கில் மண்டையைப் போட்டுவிட்டது. அதிலிருந்து ஆச்சி வாரத்துக்கு ஒருதரமாவது கேப்பாங்க. "ஏய்யா, அந்தக் கல்யாணப் படத்தப் போடுதியா? அதுல ஒங்க தாத்தா பேசுவாக."

தாத்தா 2012-ல் போயிட்டாங்க. எனக்கு அப்போ எட்டு வயசு. அந்த வீடியோவில் தாத்தா வருவாங்க, பேசுவாங்களா என்றால், கல்யாண வீடியோ பார்த்த எல்லாருக்கும் தெரியும்: முதல் நிமிசத்துல இருந்து கடைசி நிமிசம் வரைக்கும் சினிமாப் பாட்டுதான். தாலி கட்டும்போது மட்டும் கெட்டிமேளம். வேற சத்தமே இருக்காது. "ஆச்சி, அதுல பாட்டுதான் இருக்கு" என்று நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். "அப்புறம் போடுதேன்" என்பதையும் சேர்த்து. இந்த 'அப்புறம்' மூணு வருசம் ஓடியது. வெட்கமாத்தான் இருக்கு, ஆனா அதுதான் நிஜம்.

போன லீவுல ஒருநாள் திடீர் ஞானோதயம். சரி, உக்காந்தேன்.

முதல் வேலை, விசிடியைக் கம்ப்யூட்டருக்கு ஏத்துறது. விசிடியைத் திறந்தா உள்ளே 'எம்பிஇஜிஏவி' என்று ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 'டாட்' என்று முடியும் பெரிய ஃபைல். அதுதான் படம். சாதாரண டேட்டா சிடியில் கீறல் விழுந்தா சரிபண்ணிக் கொள்ள கூடுதல் தகவல் எழுதியிருப்பாங்க. விசிடியில் அந்த இடத்தையும் படத்துக்கே கொடுத்துட்டாங்க. ஒரு டிஸ்க்ல 74 நிமிசம் அடங்கினது இப்படித்தான். விளைவு, ரெண்டாவது டிஸ்க் பாதியில் 'முடியாது போ' என்றது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமா துடைச்சேன் (வட்டமா துடைக்கக் கூடாதாம், கீறலும் வட்டமா விழுந்தா இன்னும் மோசம்). நண்பன் லேப்டாப் டிரைவ்ல போட்டதும் ஒழுங்கா ஏறிவிட்டது. ஏன் அதில் ஏறியது, இதில் ஏறலை என்று கேட்காதீர்கள். நான் பி.காம்.

கம்ப்யூட்டரில் தாத்தாவைத் தேடினேன். ஃபாஸ்ட் ஃபார்வர்டு போட்டு மூணு டிஸ்க்கையும் இருபது நிமிசத்தில் தள்ளினேன். தாத்தா நிறைய இடத்தில் வர்றாங்க. பட்டு வேட்டி, வெற்றிலை வாய், யாரையோ விரட்டிக்கிட்டே இருக்காங்க. குரல் இல்லை. நான் சொன்னதுதான் சரி என்று ஒரு அற்ப சந்தோஷம் வேற.

அடுத்து டிவி. இதுக்கு டிஎல்என்ஏ என்று ஒரு ஏற்பாடு இருக்கு. சோனி, இன்டெல் முதலான கம்பெனிகள் 2003-ல் கூடி, எந்தக் கம்பெனி டிவியும் எந்தக் கம்பெனி கம்ப்யூட்டரோடும் பேசணும்னு பொதுவான முறை ஒண்ணு கொண்டு வந்தாங்க. அந்தக் கூட்டமைப்பை 2017-ல் கலைச்சாச்சு. ஆனா பழைய டிவிகளில் அந்த முறை இன்னும் இருக்கு. ஆப் எதுவும் போட முடியாத எங்க டிவி மாதிரி அப்பாவிகளுக்கு அதுதான் கதி.

அது வேலை செய்ற விதம் நம்ம தெருவில் ஆள் தேடுற மாதிரிதான். டிவி 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு "இங்க படம் வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று ஒரு குரல் கொடுக்கும். அந்த வைஃபையில் இருக்கிற எல்லாருக்கும் அது கேக்கும். கம்ப்யூட்டரில் மீடியா சர்வர் ஓடிக்கிட்டு இருந்தா "நான் இருக்கேன்" என்று பதில் சொல்லும். அப்புறம் டிவி லிஸ்ட் கேக்கும், இது கொடுக்கும், நாம ஒண்ணைத் தட்டினா படம் வரும். இவ்வளவுதான்.

நான் போட்டது யுனிவர்சல் மீடியா சர்வர். இலவசம். பிளேஸ்டேஷன் 3-க்காக எழுதின ஒரு சர்வரிலிருந்து பிரிஞ்சு வந்தது. போட்டேன், டிவியைப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லை. ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். கடைசியில் பார்த்தா, வைஃபையில் சேரும்போது விண்டோஸ் 'இது பொது இடமா, வீடா?' என்று கேட்டதுக்கு நான் பொது இடம் என்று தட்டியிருக்கேன். பொது இடத்துல யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதேன்னு அர்த்தம். டிவி பாவம் கத்திக்கிட்டே இருந்திருக்கு, நம்மாளு வாயைத் திறக்கலை. தப்பு என்னோடது. மாத்தினதும் அடுத்த நொடி வந்துட்டுது.

வந்தது தனியா வரலை. அவசரத்தில் டி டிரைவ் முழுக்கப் பகிர்ந்து வச்சிருந்தேன். அம்மா சீரியல் பார்க்க ரிமோட்டை எடுத்தாங்க, எதையோ அமுக்கினாங்க. 32 இஞ்ச்ல என் மூணாவது செமஸ்டர் மார்க் ஷீட். காஸ்ட் அக்கவுண்டிங், 31. நான் வீட்டில் சொல்லாத 31. "ஏல, இது என்னல?" அவ்வ்வ்வ்...

எனவே மக்களே, இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோங்க: டிஎல்என்ஏ வழியா பகிர்ந்தா பொதுவா கடவுச்சொல் எல்லாம் கேக்காது. அந்த வைஃபையில் இருக்கிற யாருக்கும் எல்லாம் தெரியும். தனி ஃபோல்டர் போட்டு, அதை மட்டும் பகிருங்க. பக்கத்து வீட்டுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தா ரெண்டு தடவை யோசிங்க.

திட்டு வாங்கி முடிச்சுட்டு வந்தா அடுத்த சிக்கல். லிஸ்ட்ல கல்யாணப் படம் இல்லை. எங்க டிவிக்கு 'டாட்' என்றால் என்னவென்று தெரியலை. உள்ளே இருக்கிற படம் எம்பெக்-1, அது டிவிக்குத் தெரிஞ்ச பாஷைதான், போட்டிருக்கிற பைதான் தெரியலை. எஃப்எஃப்எம்பெக் என்ற கருவியில் படத்தைத் தொடாம பையை மட்டும் மாத்தினேன். ஒரு டிஸ்க்குக்கு ஒரு நிமிசம் கூட ஆகலை. ஓடியது. ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வச்சா டிவி கட்டம் கட்டமா காட்டியது. அதனால 1, 2, 3 என்று நம்பர் மட்டும்.

இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா அக்கா நிச்சயதார்த்த வீடியோவையும் ஆச்சிக்குக் காட்டணும்னு ஆசை. 4கே, 50 நிமிசம், 22 ஜிபி. போட்டதும் பத்து செகண்ட் ஓடும், நிக்கும், சுத்தும். இங்கேதான் காமர்ஸ்காரன் மூளை வேலை செஞ்சது. கணக்கு போட்டேன். 22,000 மெகாபைட்டை எட்டால் பெருக்கினா 1,76,000 மெகாபிட். 3,000 செகண்டால் வகுத்தா செகண்டுக்கு 59 மெகாபிட். விசிடிக்கு இதே கணக்கு போட்டா ஒண்ணே கால், ஒண்ணரைதான் வரும். ரூட்டர் பெட்டியில 300 என்று போட்டிருக்கே, அப்போ 59 போகணுமேன்னு நினைக்காதீங்க. பெட்டியில் போட்டிருக்கிறது மொத்த வியாபாரம், கைக்கு வர்றது நிகர லாபம். டிவி பக்கத்துல லேப்டாப்பை வச்சு ஒரு ஃபைலைக் காப்பி பண்ணிப் பார்த்தா 20 மெகாபிட்தான் வந்தது.

ஏன் அவ்வளவு கம்மி? கம்ப்யூட்டரும் வைஃபை, டிவியும் வைஃபை. ஒவ்வொரு துண்டும் மாடியிலிருந்து ரூட்டருக்கு ஒரு தடவை, ரூட்டரிலிருந்து டிவிக்கு இன்னொரு தடவை, அதே காற்றில் போகுது. ஒரே ரோட்டை ரெண்டு வண்டி மாத்தி மாத்தி உபயோகிக்கிற கதை. பாதி அங்கேயே போச்சு. 15 மீட்டர் நெட்வொர்க் கேபிள் ஒண்ணு வாங்கி, ஜன்னல் வழியா இறக்கி, கம்ப்யூட்டரை நேரா ரூட்டரில் சொருகினேன். 40 ஆனது. ஆமாம், வயர் இல்லாம படம் பார்க்கணும்னு ஆரம்பிச்சு வயர் வாங்கினவன் நான்தான். சிரிங்க :-)

40-லயும் 59 போகாது. அதோட எங்க டிவிக்கு 4கே தெரியாது, சர்வர்தான் ஓட ஓட மாத்திக் கொடுக்கணும். அதுக்கு எங்க பழைய ஐ3-க்கு தெம்பு இல்லை, ஃபேன் மாவு மில் மாதிரி கத்துது. ஹேண்ட்பிரேக்கில் போட்டு ராத்திரி முழுக்க விட்டு 720-ஆ சுருக்கினேன். 32 இஞ்ச்ல ஆச்சிக்கு வித்தியாசம் தெரியலை. எனக்கும்தான்.

ஆச்சிக்கு ரிமோட்ல நாலு பட்டன் சொல்லிக் கொடுத்தேன். மேலே, கீழே, ஓகே, பின்னால தள்ளுறது. பின்னால தள்ளுறது முக்கியம். சர்வர் மாத்திக் கொடுக்கிற படத்துல எங்க டிவியில் அந்தப் பட்டன் வேலை செய்யலை, நேரா அனுப்புற படத்துல செஞ்சது. விசிடி ஃபைல் நேரா போகுது.

அதுக்கு மறுநாளோ அதுக்கும் அடுத்த நாளோ, கீழே இருந்து "எய்யா, இங்க வா" என்று சத்தம். போனேன். ரெண்டாவது டிஸ்க், பந்தி நடக்குது. ஆச்சி பட்டனை அமுக்கிக் கொஞ்சம் பின்னால தள்ளினாங்க. ஒரு பாட்டு முடியுது. அடுத்த பாட்டு ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு மூணு நாலு செகண்ட் இடைவெளி. அந்த இடத்துல ஸ்டுடியோக்காரர் நிஜச் சத்தத்தை அப்படியே விட்டிருக்கார். பாத்திரச் சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகை, அதுக்கு நடுவுல:

"எல, அங்க ரெண்டாவது வரிசைக்கு அப்பளம் வரல பாரு!"

தாத்தா படத்தில் இல்லை. கேமரா வேற பக்கம் இருக்கு. நான் ஃபாஸ்ட் ஃபார்வர்டு போட்டுத் தேடினது முகத்தை. ஃபாஸ்ட் ஃபார்வர்டுல சத்தம் எங்கே கேக்கும்?

எனக்கு அந்தக் குரல் மறந்தே போயிருந்தது. இருமல் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. ஆச்சிக்கு ஞாபகம் தப்புது, அதான் பேசுவாகன்னு சொல்லுதாங்கன்னு வீட்டில் எல்லாருமே நினைச்சுக்கிட்டு இருந்தோம். அப்பா உட்பட. சாயங்காலம் அப்பா வந்து கேட்டாங்க. மூணு தடவை கேட்டாங்க. ஒண்ணும் சொல்லாம சட்டையை மாத்தப் போயிட்டாங்க.

"மகன் கல்யாணத்தன்னைக்கும் இந்த மனுசனுக்கு அப்பளந்தான்" என்றார்கள் ஆச்சி.

இப்போ தினமும் ஓடுது. யாரையும் கேக்கிறதில்லை, "போடுதியா"வும் இல்லை. ஆனா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டு இருந்தாத்தானே டிவிக்குப் படம் வரும்? அப்பா கரண்ட் கணக்கு கேட்டாங்க. 60 வாட் நாள் முழுக்க ஓடினா ஒண்ணே முக்கால் யூனிட்டுக்குப் பக்கம் என்று உளறினேன். அப்பா பேப்பரை எடுத்துப் போட்டுக் காட்டினாங்க. 1.44 தான். ரெண்டு மாசத்துக்கு 86. "எம்பத்தாறு யூனிட் ஒன் கம்ப்யூட்டருக்கால?" (31 மார்க்கும் அந்தப் பேச்சில் வந்தது.) அதனால நேரம் வச்சு, சாயங்காலம் மூணு மணிக்குத் தானா எழுந்து ஏழு மணிக்குத் தானா அணையற மாதிரி பண்ணியிருக்கேன். பதினஞ்சு யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும்.

நேத்து ஏழு மணிக்கு நான் மாடியில் இருந்தேன். பந்தி நடுவுல படம் நின்னுட்டுது போல.

"எய்யா, அந்தப் பொட்டிய இன்னும் அஞ்சு நிமிசம் முழிச்சிருக்கச் சொல்லு. அப்பளம் இன்னும் வரல."