பச்சைக் குருவியும் வாப்பாவின் துவக்கும்

இரண்டு மாரியாக நான் பச்சைக் குருவியின் வாலைத்தான் படமெடுத்துக் கொண்டிருந்தேன். நூல்களில் நீலவால் பஞ்சுருட்டான் என்றிருக்கும். எங்கள் வட்டைக்கு மேலால் போகும் மின்கம்பியில் வரிசையாகக் குந்தியிருக்கும். திடீரெனப் பாய்ந்து தும்பியைக் கவ்வும். திரும்பக் கம்பிக்கே வந்து அடித்துக் கொன்று விழுங்கும். நான் அழுத்தும்போது வெறும் வானமும் ஓரத்தில் ஒரு வாலும்தான் மிஞ்சும்.

கமரா சீட்டுக் காசில் வாங்கியது. வாப்பாவின் கண்ணுக்குள் வைக்கும் வில்லைக்கென்று மனைவி கட்டிய சீட்டு அது. அடுத்த சீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வாங்கிவிட்டேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். செக்கனுக்கு 10 மீற்றர் பறக்கும் குருவி, 1/500 செக்கனில் 2 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். 1/2000 செக்கனில் 5 மில்லிமீற்றர்தான். ஆகவே அதற்குக் கீழே இறங்குவதில்லை. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவைக் கூட்டுவேன். படம் மணல் மணலாக வந்தாலும் பரவாயில்லை, கலங்கிய குருவியைப் பிறகு திருத்த முடியாது. குவியம் குருவியைத் தொடர்ந்து பிடிக்கும்படி வைத்தேன். சூரியனை முதுகுப் பக்கம் விட்டேன். கணக்குச் சரி, படம் பிழை.

ஒரு சனிக்கிழமை வாப்பாவும் வரம்புக்கு வந்தார். வேளாண்மைக் காவலுக்குத் துவக்கு வைத்திருந்தவர். பிரச்சினைக் காலத்தில் அதைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டார். என் தடுமாற்றத்தைக் கமராச் சத்தத்திலேயே விளங்கியிருக்க வேண்டும்.

"குருவியப் பாத்துச் சுட்டா வால்தான் கிடைக்கும். அது போற பக்கம் கைய உடு. வெடி தீந்த பிறகும் கைய நிப்பாட்டாத."

பிரான்சின் மாரே என்ற உடலியல் அறிஞர் 1882இல் பறக்கும் பறவையைப் படமெடுக்கச் செய்த கருவியும் துவக்கு வடிவம்தான். தோளில் வைத்து விசையை இழுத்தால் செக்கனுக்கு 12 படம். இதைச் சொன்னபோது, "அப்ப அவனுக்கும் தெரிஞ்சிரிக்கி" என்றார்.

கால்களை ஊன்றி, இடுப்போடு திரும்பிப் பழகினேன். இடது கண்ணையும் திறந்தே வைத்துக்கொண்டேன். பாயும்போது எடுக்கும் ஆசையை விட்டேன். குருவி எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது; ஆனால் திரும்பி வரும் இடம் தெரியும். தூரத்திலேயே பிடித்து, கம்பிவரை கூடவே வந்து, அழுத்திய பிறகும் கையை ஓடவிட்டேன். அன்று 40 படத்தில் 3 தேறின. ஒன்றில் தும்பியின் சிறகு நரம்புகூடத் தெரிந்தது.

கமராவை வாப்பாவிடம் கொடுத்தேன். முகத்தோடு ஒட்டவைத்து, சரித்து, வெயிலைக் கையால் மறைத்துப் பார்த்தார்.

"பச்சையாத் தெரியுது" என்றார். பிறகு, "வாயில என்னவும் வெச்சிரிக்கா?" என்று கேட்டார்.

அடுத்த சீட்டு மாசியில் எங்களுக்கு. காசை வாங்க மனைவிதான் போவாள்.