சப்பை மூக்குத் துப்பாக்கி

பத்திரிகைக்காரர்களுக்கு ஆயுதங்களோடு ஏற்படும் அறிமுகம் பெரும்பாலும் புகைப்படங்களின் வாயிலாகவே நிகழ்கின்றது. 1968 பெப்ரவரி முதலாம் திகதி சைகோன் நகர வீதியொன்றில், தென் வியட்நாமின் பொலிஸ் தலைவர் நுயென் நொக் லோன், கைகள் பின்னால் கட்டப்பட்ட கைதி ஒருவரின் தலைக்கு நேரே கையை நீட்டிச் சுட்ட கணத்தை அசோசியேட்டட் பிரஸ் படப்பிடிப்பாளர் எடி அடம்ஸ் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு அப்படத்திற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னர், 1963 நவம்பர் 24 ஆம் திகதி, டலஸ் பொலிஸ் தலைமையகத்தின் நிலக்கீழ்த் தளத்தில் ஜாக் ரூபி என்பவர் லீ ஹார்வி ஒஸ்வால்டைச் சுட்டபோது பொப் ஜாக்சன் எடுத்த படமும் 1964 இல் அதே பரிசைப் பெற்றது.

இந்த இரண்டு படங்களையும் அச்சுக் கோப்பவர்கள் முதல் ஆசிரியர்கள் வரை எத்தனையோ பேர் கூர்ந்து நோக்கியிருப்பார்கள். கையில் இருக்கும் பொருளை மட்டும் நோக்கினால், அது கைக்குள்ளேயே அடங்கிவிடுவதைக் காணலாம். வெளியே தெரிவது கட்டைவிரல் நீளமுள்ள குழல் மாத்திரமே. லோன் வைத்திருந்தது ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனத்தின் பொடிகார்ட் என்ற வகை. ரூபி வைத்திருந்தது கோல்ட் நிறுவனத்தின் கோப்ரா. இரண்டுமே குறுங்குழல் ரிவோல்வர்கள். சப்பை மூக்கு என்று பொருள்படும் பெயரால் அமெரிக்கர்கள் இவ்வகையை அழைக்கிறார்கள்.

இதைப்பற்றி இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கொழும்பில் என்னுடன் பணியாற்றிய இளம் நிருபர் ஒருவர், 2006 இல் நாட்டைவிட்டு வெளியேறி, பல இடங்களில் அலைந்து, இறுதியில் அமெரிக்கப் பிரஜையாகி, டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் பெற்றோல் நிலையமொன்றையும் அதனோடிணைந்த கடையையும் நடத்தி வருகிறார். 2019 இல் நான் அங்கு சென்றிருந்தேன். அதற்கு முந்திய பன்னிரண்டு மாதங்களுக்குள் அவருடைய கடையில் இரண்டு தடவைகள் கொள்ளை நடந்திருந்தது. இரண்டாவது தடவை, காசாளராக நின்ற பெண்ணின் நெற்றியில் துப்பாக்கி வைக்கப்பட்டது. கைத்துப்பாக்கி ஒன்று வாங்குவதென்று நண்பர் தீர்மானித்திருந்தார்.

“அண்ணை, நீங்கள் ஒருக்கால் கூட வாங்கோ. கோட்டிலை எத்தினை துவக்கைப் பாத்திருப்பியள்” என்றார்.

அவர் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. புதுக்கடை நீதிமன்றங்களில் நான் நீண்டகாலம் நிருபராக அலைந்தவன். சான்றுப் பொருட்களாக மேசைமேல் வைக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றைக் கண்டதுண்டு. பொலிஸ் ஆயுதக் களஞ்சியத்திலிருந்து ஓய்வு பெற்ற சார்ஜன்ட் ஒருவர், தேநீர் குடிக்கும் வேளைகளில் எனக்குப் பல விடயங்களைச் சொல்லித் தந்தார். பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் சுடப்பட்டது .45 ரக வெப்லி ரிவோல்வரினால். அது பருத்த, நீண்ட ஆயுதம். “காவி உடைக்குள் மறைப்பதற்குக் குட்டைத் துப்பாக்கி தேவையில்லை. காற்சட்டைப் பைக்குள் மறைப்பதற்குத்தான் அது தேவை” என்று சார்ஜன்ட் ஒருமுறை சொன்னார். குறுங்குழல் ரிவோல்வரின் முழு வரலாறும் அந்த இரண்டாவது வாக்கியத்திற்குள் அடங்கிவிடும்.

1920 களில் கோல்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோன் ஹென்றி பிட்ஸ்ஜெரால்ட் என்பவர், பெரிய ரிவோல்வர்களை எடுத்து, குழலை இரண்டு அங்குலத்திற்கு வெட்டி, சுத்தியலின் வாலை நீக்கி, விசைக் காப்பு வளையத்தின் முன்பாதியையும் அறுத்தெறிந்தார். பையிலிருந்து விரைவாக எடுப்பதற்கு எது தடையோ அதெல்லாம் போயிற்று. 1927 இல் கோல்ட் நிறுவனம் டிடெக்டிவ் ஸ்பெஷல் என்ற ஆறு ரவை ரிவோல்வரை வெளியிட்டது. சிவில் உடையில் திரிந்த துப்பறியும் அதிகாரிகளுக்கானது அது என்பதைப் பெயரே கூறும். தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளை வாசித்து வளர்ந்த என் தலைமுறையினர் மனக்கண்ணில் கண்ட துப்பாக்கியும் ஏறக்குறைய இதுதான். 1950 இல் ஸ்மித் அன்ட் வெசன் நிறுவனம் ஐந்து ரவைகள் கொண்ட, இன்னும் சிறிய சீஃப்ஸ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. பொலிஸ் தலைவர்களின் மாநாடொன்றில் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. 1952 இல், சுத்தியல் முழுவதும் உள்ளே மறைந்த சென்டெனியல் வந்தது. சட்டைத் துணியில் சிக்குவதற்கு அதில் எதுவுமில்லை.

குழலைக் குறைப்பதால் கிடைப்பது மறைத்து வைக்கும் வசதி ஒன்றே. அதற்காகக் கொடுக்கும் விலை பெரிது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் சுருங்குவதால், கை அணுவளவு பிசகினாலும் ரவை வெகுதூரம் விலகிவிடும். வெடிமருந்து முழுமையாக வேலை செய்வதற்குள் ரவை குழலை விட்டு வெளியேறுவதால் வேகம் குறையும், தீப்பிழம்பும் ஓசையும் பெருகும். கைபிடி சிறிதென்பதால் உதைப்பு முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். ரவைகளோ ஐந்து அல்லது ஆறு. ஆகையால் குட்டைத் துப்பாக்கியைப் புதிதாகப் பழகுபவனின் கையில் கொடுக்கக்கூடாது, அது கைதேர்ந்தவனின் ஆயுதம் என்று பழையவர்கள் சொல்வார்கள். கடைகளிலோ பெரும்பாலும் புதியவர்களின் கையிலேயே அது கொடுக்கப்படுகின்றது.

ஹூஸ்டன் கடைக்காரர் வயது முதிர்ந்தவர், பொறுமைசாலி. நான் விசாவில் வந்த வெளிநாட்டவன். அந்நாட்டுச் சட்டப்படி என் போன்றவர் ஆயுதம் ஏந்த விதிவிலக்கு ஏதேனும் வேண்டும். ஆதலால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பச்சைத் துணியின்மேல் மூன்று துப்பாக்கிகளை அவர் வைத்தார். முதலாவது, சுமார் 425 கிராம் நிறையுடைய, அலுமினியக் கலவையிலான ஸ்மித் அன்ட் வெசன். இரண்டாவது, அதே அளவான, ஆனால் உருக்கினாலான பழைய சீஃப்ஸ் ஸ்பெஷல், சுமார் 550 கிராம். மூன்றாவது, ரூகர் நிறுவனத்தின் எஸ்.பி.101, 700 கிராமுக்கு மேல். நண்பரின் கை முதலாவதிடம் சென்றது. எல்லோருடைய கையும் அதனிடந்தான் முதலில் செல்லும் என்றார் கடைக்காரர்.

“கல்லாவுக்குக் கீழே வைப்பதற்கென்றால் ஏன் குட்டையானது? பெரியதை வாங்கலாமே?” என்று நான் வினவினேன். கடைக்காரரும் அதையே ஆமோதித்தார். ஆனால் நண்பர் ஓரிடத்தில் நிற்பவரல்லர். குளிர்ப்பெட்டிகளில் பானங்களை அடுக்குவார், வெளியே பம்பிகளைப் பார்ப்பார், குப்பை கொட்டுவார். கல்லாவுக்குக் கீழே இருப்பது முதலில் கொள்ளைக்காரனின் கைக்கே போகலாம். ஆகவே உடலோடு இருக்கவேண்டும் என்ற முடிவிற்கு வந்தோம்.

உருக்கினாலான பழைய துப்பாக்கியைப் பரிசோதிக்கையில் சார்ஜன்ட் சொல்லித் தந்தவை நினைவுக்கு வந்தன. கடைக்காரரும் அதே வரிசையிலேயே சென்றது எனக்கு வியப்பளித்தது. முதலில் உருளையைத் திறந்து ஒவ்வொரு அறையும் வெறுமையா என்று பார்த்தார். பின்னர் உருளையை மூடி முன்னும் பின்னுமாக அசைத்தார். வெளிப்படையான ஆட்டம் இருத்தலாகாது. சுத்தியலை மிக மெதுவாகப் பின்னிழுத்தார். அது முழுமையாக நிற்பதற்கு முன்னரோ, நிற்கும் அதே கணத்திலோ உருளை தன் இடத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். பிந்தினால், அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லாதபோதே ரவை வெடிக்க நேரும். உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மயிரிழை போன்று, எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தது. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் தெரியாதவன் யாரோ உள்ளே கைவைத்திருக்கிறான் என்று பொருள். இறுதியில் விசை. இத்தகைய துப்பாக்கிகளில் விசை கனமாகவே இருக்கும், அது குற்றமன்று. இடையில் தடக்காமல், ஒரே சீராகப் பின்னே வருகின்றதா என்பதே கேள்வி. பளபளப்பு, தந்தக் கைபிடி, செதுக்கு வேலை ஆகிய எதையும் அம்முதியவர் ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை.

பக்கத்திலேயே சுடும் பயிற்சிக்கூடம் இருந்தது. அதே மூன்று வகைகளை வாடகைக்கு எடுத்து, ஏழு யார் தூரத்தில் நண்பர் சுட்டார். கண்ணாடிக்கு இப்புறம் நின்று நான் அவதானித்தேன். இலேசான துப்பாக்கியால் சுட்ட ஐந்தில் இரண்டே தாளில் பட்டன. உள்ளங்கை சிவந்துவிட்டது. உருக்கினாலானதில் நான்கு. ரூகரில் ஐந்தும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குள் விழுந்தன. அத்துப்பாக்கி .357 மெக்னம் ரவையையும் ஏற்கும். நண்பர் அதை ஒருமுறை சுட்டுப்பார்த்து, போதும் என்று வைத்துவிட்டு, .38 ஸ்பெஷல் ரவைக்கே திரும்பினார். பைக்குள் சுகமாக இருப்பது கைக்குள் சுகமாக இராது என்பதை அறிந்துகொள்ள அவருக்கு அரை மணி நேரமும் ஐம்பது ரவைகளும் செலவாயின.

அன்றிரவு அவருடைய வீட்டில் பேச்சு வேறு திசைக்குச் சென்றது. 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில், ஊரடங்கு வேளையில், தன் வீட்டில் எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் ஜன்னலூடாகச் சுடப்பட்டார். 2005 ஏப்ரலில் தர்மரத்தினம் சிவராம் கடத்திக் கொல்லப்பட்டார். அந்நாட்களில் கொழும்பில் இருந்த நண்பருக்கும் தொலைபேசி மிரட்டல்கள் வந்தன. தற்காப்புக்காகத் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் கோரலாமே என்று சிலர் ஆலோசனை கூறினர். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அதற்கு வழியுண்டு. அவர் அப்போது சிரித்துவிட்டுச் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. “அண்ணை, தமிழ்ப் பத்திரிகைக்காரன் துவக்குக்கு விண்ணப்பம் போட்டால், அந்தப் படிவமே எனக்கு எதிரான சாட்சியமாப் போயிடும்.”

இதை நினைவூட்டி, அன்று வேண்டாமென்றதை இன்று வாங்குவதேன் என்று கேட்டேன். நம்மவர்களைக் கொன்றவர்கள் எதிரில் வந்து நின்றவர்களல்லர், குட்டைத் துப்பாக்கி அவர்களில் எவரைக் காத்திருக்கும் என்றும் கேட்டேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை.

“அங்கை ஆர் வருவான், எப்ப வருவான் எண்டு தெரியாது. இஞ்சை வாறவன் முகத்துக்கு நேரை, கல்லாவுக்கு முன்னாலைதான் வாறான். அதுதான் அண்ணை வித்தியாசம்.”

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆனால் அவருடைய மனைவியிடம் ஒரு கேள்வி இருந்தது. வீட்டில் ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். “இரவில் அது எங்கே இருக்கும்?” என்று அவர் கேட்டார். பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி, நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சாஸில் குற்றம். ஆனால் அவர் சட்டத்தைக் கேட்கவில்லை, இடத்தைக் கேட்டார். கடையில் பார்த்த மூன்று துப்பாக்கிகளைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசிய எங்களில் எவரும் அந்த இடத்தைப் பற்றி அதுவரை யோசித்திருக்கவில்லை.

மறுநாள் முதலில் வாங்கப்பட்டது எண்பூட்டுடைய உருக்குப் பெட்டி. அது அலுமாரியின் உட்சுவரில் ஆணிகளால் இறுக்கப்பட்டது. அதன் பின்னரே ரூகர் வந்தது. நண்பர் படிவத்தில் தன் பகுதியை நிரப்ப, கடைக்காரர் மத்திய அரசின் பின்னணிச் சோதனைக்கு விவரங்களை அனுப்பினார். அனுமதி வருவதற்கு நாங்கள் ஒரு கோப்பை காப்பி குடிக்கும் நேரமே பிடித்தது. இலங்கையில் ஆண்டுதோறும் பாதுகாப்பு அமைச்சிடம் புதுப்பிக்க வேண்டிய பத்திரத்தை நினைத்துக்கொண்டேன். எது சரியான முறை என்ற விவாதத்தை நான் அங்கே தொடங்கவில்லை.

மனைவியின் வற்புறுத்தலால் கடையிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. கல்லாவில் சிறு தொகைக்கு மேல் வைப்பதில்லை. மிகுதி, ஊழியர்களால் திறக்க முடியாத பெட்டிக்குள் உடனுக்குடன் விழுகின்றது. அந்த அறிவிப்பு வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டுள்ளது. இரவு பத்து மணிக்குப் பின்னர் ஒருவர் தனியே நிற்பதில்லை. அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, இவ்வளவு ஆண்டுகளில் துப்பாக்கியை உறையிலிருந்து கடைக்குள் ஒருமுறையேனும் எடுக்க நேரவில்லை என்றார். ஆயினும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கூடத்திற்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. திரும்பி வந்ததும் துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பார். பூட்டியாயிற்றா என்று இழுத்துப் பார்ப்பது மட்டும் அவருடைய மனைவியின் வேலை.