ஒரே மேஜை, ரெண்டு சட்டி... ஒரு பர்மா பாட்டியின் ஞாயிறு விருந்து!

சென்னைவாசிகளுக்கு பர்மா சாப்பாடு என்றதும் பாரிமுனைப் பக்கத்து அத்தோ கடைகள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த அத்தோவுக்கு ஓர் அக்கா உண்டு. பெயர், 'ஓன் நோ கௌக்ஸ்வே'. பர்மிய மொழியில் 'ஓன் நோ' என்றால் தேங்காய்ப்பால், 'கௌக்ஸ்வே' என்றால் நூடுல்ஸ்.

வேலப்பன்சாவடியில், பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வசிக்கும் பாட்டி ஒருவரின் வீட்டில் ஞாயிறு மதியம் இதுதான் விருந்து. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகள் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் வாழ்ந்த வீட்டை விட்டுக் கப்பலேறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது பாட்டிக்கு எட்டு வயது. சேர்த்த பணம் அங்கேயே நின்றுவிட்டது. அம்மாவின் கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது.

பர்மாவில் இதைப் பெரும்பாலும் கோழிக்கறியில்தான் செய்வார்கள். உழைக்கும் மாட்டைத் தின்னக் கூடாது என்று நினைக்கும் பௌத்தர்கள் அங்கே நிறைய. கராச்சியின் மேமன் குடும்பங்களில் மாட்டுக்கறி கௌக்ஸ்வே பிரபலம். பாட்டி வீட்டிலும் மாட்டுக்கறிதான்.

சிக்கல், பேரனின் காதல் கல்யாணத்தில் வந்தது. மருமகளாக வந்த பெண்ணின் வீட்டில் மாட்டுக்கறி பழக்கமில்லை. முதல் ஞாயிறு, தலைவலி என்று அறையிலேயே இருந்துவிட்டாள். அடுத்த ஞாயிறும் தலைவலி. பாட்டி எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது ஞாயிறு, கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்த ஒரு சட்டி, ரெண்டு சட்டியானது.

ஒன்றில், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள் போட்டுத் தொக்குப் பதத்தில் மாட்டுக்கறி. மற்றொன்றில், கடலை மாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கிய தேங்காய்ப்பால் குழம்பு. மாவின் பச்சை வாசனை போனதும் அடுப்பைக் குறைத்துவிட வேண்டும். தளதளவெனக் கொதித்தால் பால் திரிந்துவிடும்.

பரிமாறுவதில்தான் விஷயமே இருக்கிறது. அகலமான கிண்ணத்தில் வெந்த நூடுல்ஸ். அது பாதி மூழ்கும்வரை சூடான குழம்பு. வேண்டியவர்களுக்கு அதன்மேல் ரெண்டு கரண்டி கறி. மருமகள் கிண்ணத்தில் கறிக்குப் பதில் கூடுதலாக ஒரு அவித்த முட்டை.

மற்றதெல்லாம் மேஜையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் காத்திருக்கும். பொன்னிறமாக வறுத்த பூண்டு, தண்ணீரில் அலசிய பச்சை வெங்காயம், எண்ணெயில் வாட்டிய காய்ந்த மிளகாய்த்தூள், கொத்தமல்லி, எலுமிச்சைத் துண்டு. பிடித்ததைப் பிடித்த அளவு போட்டுக்கொள்ளலாம். தேங்காய்ப்பாலின் திகட்டலை எலுமிச்சை வெட்டும், மிளகாய் சுள்ளென்று எழுப்பும். பொரித்த நூடுல்ஸை மட்டும் வாயில் வைப்பதற்குச் சற்று முன்புதான் நொறுக்கித் தூவ வேண்டும். முன்னாலேயே தூவினால் ஊறிப்போய் மொறுமொறுப்பு போய்விடும்.

தலைவலி அன்றோடு நின்றது. இப்போதெல்லாம் ஞாயிறன்று பூண்டு வறுப்பது அந்த மருமகள்தான். கறிச் சட்டியை அவள் திறப்பதில்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை.